எத்திக்ஸ் பேப்பர் எடுக்கப்போகும் ஆசிரியரைத் தயார்செய்வது எப்படி

செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரம் துறையில் பாடம் ஒதுக்கும் கூட்டம் நடக்கும். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் ஒருவருக்கு, சாயில் மெக்கானிக்ஸ் இன்னொருவருக்கு என்று சீனியர்கள் பழகியதை எடுத்துக்கொண்ட பிறகு கடைசியில் மிஞ்சி நிற்பது தொழில் அறத்தைச் சொல்லித்தரும் எத்திக்ஸ் பேப்பர். யாருக்கு மணிக்கணக்கு குறைகிறதோ அவருக்கு, இல்லையென்றால் போன மாதம் சேர்ந்த இளம் ஆசிரியருக்கு அது போகும். அவரும் புத்தகத்தை வாங்கி, ஐந்து யூனிட்டையும் இரண்டு மதிப்பெண் கேள்வி, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி என்று பிரித்து நோட்ஸ் கொடுத்து, வரையறைகளை மனப்பாடம் செய்யவைத்து முடித்துவிடுவார். பிள்ளைகள் நல்ல மார்க் வாங்குவார்கள். அதே வாரத்தில் அதே பிள்ளைகள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ஏதாவது ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நானும் ஆறு வருடம் அப்படித்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன். பிறகு மாற்றிக்கொண்டேன். இப்போது சில வருடங்களாக இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர்களுக்கு இதற்கான பயிற்சி நடத்துகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் எலெக்டிவாக இருந்த இந்தப் பாடம் 2021 ரெகுலேஷனில் எல்லோருக்கும் பொதுவானதாகிவிட்டது, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யும் மனித விழுமியங்கள் என்று தனியாக ஒரு பாடத்தையும் அதற்கான பயிற்சிகளையும் வைத்திருக்கிறது. ஆகவே வகுப்பெடுக்க ஆள் நிறையத் தேவைப்படுகிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பயிற்சியை நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால், நான் எப்படிச் செய்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மனுஷன், ஒழுக்கமானவர், அவர் எத்திக்ஸ் எடுக்கட்டும் என்று நிர்வாகம் நினைக்கிறது. நல்ல மனுஷனாக இருந்தால் சந்தோஷம். ஆனால் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பதில் தெரியாத ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, அவர்கள் யோசிக்கும்வரை பொறுத்திருந்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு கோத்து வாங்குவது என்பது வெல்டிங் மாதிரி ஒரு கைவேலை. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துத் திருத்தத் திருத்தத்தான் அது வரும். பயிற்சியை அதற்காக வடிவமைக்க வேண்டும்.

ஏற்பாடு

எஃப்.டி.பி. எனப்படும் வழக்கமான ஆசிரியர் பயிற்சி முகாம் ஐந்து நாள். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை, குரூப் போட்டோ என்று முதல் நாள் காலை முழுவதும் போய்விடும், அப்புறம் தினமும் நான்கு பேர் வந்து பிபிடி போட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். இந்தப் பாடத்துக்கு அது உதவவே உதவாது. எனக்கு மூன்று முழு நாள் போதும், அதன் பிறகு அந்த செமஸ்டர் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் வேண்டும். நிர்வாகத்திடம் பேரம் பேச வேண்டியிருந்தால் அந்த மூன்று நாளில் ஒரு நாளை விட்டுக்கொடுங்கள், இரண்டு வாரச் சந்திப்பை விடாதீர்கள்.

இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். சிவில், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், கெமிஸ்ட்ரி என்று கலந்து இருக்கட்டும். நாற்காலியை நகர்த்த முடிகிற அறை வேண்டும், செமினார் ஹாலில் தரையோடு பொருத்திய இருக்கைகளில் உட்காரவைத்தால் அவர்கள் உங்களைப் பார்ப்பார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: ஒரு துறைத் தலைவரையும் (எச்.ஓ.டி.) அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களையும் ஒரே அணியில் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். மூன்று நாளும் யாரும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள்: ஆசிரியரின் சொந்தச் சங்கடத்திலிருந்து

காலையில் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறேன். பெயர் வேண்டாம், கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரே கேள்வி: எது சரி என்று தெரிந்தும் உங்கள் வேலையில் அதைச் செய்ய முடியாமல் போன ஒரு நேரத்தை எழுதுங்கள்.

இதைக் கேட்டதும் அறை இறுகிப்போகும். அதனால் நான் என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், தர ஆய்வுக்குக் குழு வரப்போகிறது என்று, நடக்கவே நடக்காத ஒன்பது கூட்டங்களுக்கு மினிட்ஸ் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பழைய தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். வீட்டுக் கடன் இருந்தது, வேறு வேலை கையில் இல்லை, எல்லோரும்தான் எழுதினார்கள். அதற்கு அடுத்த வாரம் வகுப்பில் நேர்மை பற்றி நோட்ஸ் கொடுத்தேன், கொடுக்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பேனாக்கள் அசையத் தொடங்கும்.

வருகிற தாள்களில் ஒரே மாதிரியான சங்கதிகள் திரும்பத் திரும்ப இருக்கும். அட்டெண்டன்ஸ் குறைந்த ஒரு பிள்ளைக்குப் பொய் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டது, அதே அளவு குறைந்த இன்னொரு பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராததால் அரியர் ஆனது. இன்டர்னல் மார்க்கை ஏற்றிப் போடச் சொன்னது. தான் எழுதிய பேப்பரில், ஒரு வரிகூடப் படிக்காத மேலதிகாரியின் பெயரை முதலில் போட்டது. இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளில் மட்டும் ஆய்வகத்துக்கு வந்துபோகும் கருவிகள். எழுதியவரின் கையெழுத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் தாள்களை நான் வாங்கி, என் வார்த்தையில் மாற்றிச் சொல்வேன். அவற்றில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். யார் குற்றவாளி என்பதைத் தேடாமல், அந்த இடத்தில் அவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் யார் விலை கொடுத்திருப்பார்கள், யாரிடம் முதலில் பேசியிருக்கலாம், எந்த வார்த்தையில் பேசியிருக்கலாம் என்று போங்கள்.

ஏன் இங்கிருந்து தொடங்க வேண்டும்? பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். 2024 ஜூலையில் ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல இன்ஜினியரிங் கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தபோது அது எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. அடுத்த நாள் எத்திக்ஸ் வகுப்பில் ஒரு பையன் எழுந்து "சார், நம்ம காலேஜ்ல எப்படி?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? "அது சிலபஸ்ல இல்ல" என்றால் அந்த செமஸ்டர் அதோடு முடிந்தது. தன் தொழிலுக்குள் இருக்கும் நெருடலைப் பற்றி ஒரு முறையாவது வாய்விட்டுப் பேசியவர்தான் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. தாள்களில் சில நேரம் பாலியல் தொந்தரவு போன்ற, இப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒரு தீங்கு வரும். அதைக் கலந்துரையாடலுக்கு எடுக்கக் கூடாது. 2013 சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்கான உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அங்கே எப்படிப் போவது என்பதைப் பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எழுதியவர் விரும்பினால் தனியாக வந்து பேசலாம் என்று சொல்லுங்கள். அறையில் பேசியது அறையோடு இருக்கட்டும் என்ற விதி இந்த மாதிரி விஷயத்துக்குப் பொருந்தாது என்பதையும் காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

9.81 வந்தே ஆக வேண்டும் என்ற ஆய்வகம்

முதல் நாள் மதியத்தை நான் ரெக்கார்ட் நோட்டுக்கு என்றே ஒதுக்குகிறேன். காம்பவுண்ட் பெண்டுலம் சோதனை எல்லோரும் செய்திருப்போம். ஊசலை ஆட்டி, நேரம் எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உண்மையில் ஸ்டாப் வாட்ச் அமுக்குவதிலேயே பிழை வரும், 9.5 வரலாம், 10.1 வரலாம். ஆனால் வகுப்பில் எல்லோருக்கும் 9.8 சொச்சம் வந்திருக்கும். பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதியிருப்பார்கள். ஏன்? 9.8 வந்தால் பத்துக்குப் பத்து, 9.5 வந்தால் ஆறு என்று மார்க் போட்டது நாம்தான்.

இன்ஜினியரிங் படிப்பில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் முதல் எத்திக்ஸ் பாடம் இது, அதுவும் முதல் செமஸ்டரிலேயே, எங்கள் எத்திக்ஸ் பேப்பர் வருவதற்கு மூன்று வருடம் முன்னால். பத்து வருடம் கழித்து கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் க்யூப் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போதும் அந்தக் கை அதே பழக்கத்தில்தான் போகும் என்று நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். அதனால் பயிற்சிக்கு வருபவர்களில் ஆய்வகம் எடுப்பவர்கள் எல்லோரையும் அங்கேயே உட்காரவைத்து அவரவர் சோதனை ஒன்றுக்கு மார்க் பிரிப்பை மாற்றி எழுதச் சொல்கிறேன். விடை சரியாக வந்ததற்கு மிகக் குறைவு, எடுத்த ரீடிங்கை எடுத்தபடி பேனாவில் எழுதியதற்கு நல்ல பங்கு, ஏன் விலகியது என்று யோசித்து எழுதியதற்கு அதைவிட அதிகம். இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அடுத்த திங்கட்கிழமையே செய்யலாம். எத்திக்ஸ் பேப்பரே எடுக்காத ஆசிரியருக்கும் இந்த ஒரு மதியம் பயன்படும்.

கதையை முடிவுக்கு முந்தைய இரவில் நிறுத்துங்கள்

இரண்டாம் நாள் கேஸ் ஸ்டடி. சேலஞ்சர் விண்கலம், போபால், செர்னோபில் என்று பாடப்புத்தகங்களில் எப்போதும் இருக்கும் கதைகளை ஆசிரியர்கள் செய்தி வாசிப்பதுபோல வாசித்துவிடுகிறார்கள். யார் கெட்டவன், எத்தனை பேர் செத்தார்கள், முடிந்தது. முடிவு தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் சரியான பதில் தெரிந்துவிடும், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சேலஞ்சரை இப்படி எடுத்துப் பழகுங்கள். இப்போதைய பிள்ளைகள் பலருக்கு முடிவு தெரியாது, அது நமக்கு வசதி. விண்கலத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். தேதி 1986 ஜனவரி 27, இரவு. நாளைக் காலை ஏவ வேண்டும், பல முறை தள்ளிப்போய்விட்டது. ராக்கெட் மோட்டாரின் பாகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன, குளிரில் ரப்பர் விறைக்கும். இதுவரை ஏவியதில் மிகக் குளிரான நாள் சுமார் 12 டிகிரி செல்சியஸ், அந்த முறை வளையம் சேதப்பட்டிருந்தது. இன்றிரவு உறைநிலைக்குக் கீழே போகும் என்கிறார்கள். மோட்டார் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் வேண்டாம் என்கிறார்கள், வாடிக்கையாளரான நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் பேச ஐந்து நிமிடம் கேட்கிறார்கள், அது அரை மணி நேரமாக நீள்கிறது. அங்கே இன்ஜினியரிங் துணைத் தலைவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று சொல்கிறார்கள்.

இங்கே நிறுத்துங்கள். நீ அந்தத் துணைத் தலைவர், என்ன சொல்வாய்? அடுத்த கேள்வி இன்னும் கடினம்: நீ அந்த அறையில் இருக்கும் இன்ஜினியர், உன் மேலதிகாரி முடிவை மாற்றிவிட்டார், இப்போது நீ என்ன செய்வாய், போனை எடுப்பாயா, யாருக்கு? ஒவ்வொருவரும் தாளில் எழுதிய பிறகுதான் பேச்சு. பேச்செல்லாம் முடிந்த பிறகு, கடைசி ஐந்து நிமிடத்தில், மறுநாள் ஏவிய 73 வினாடியில் விண்கலம் சிதறியது, இறந்த ஏழு பேரில் ஒருவர் பள்ளி ஆசிரியை என்பதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம்: அன்று இரவு இன்ஜினியர்கள் காட்டிய தாள்களில் எல்லா ஏவுதல்களின் வெப்பநிலையும் வளையச் சேதமும் ஒரே படமாக வரைந்து காட்டப்படவில்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்வதும் பொறுப்பில் சேருமா என்று அதிலிருந்து ஒரு தனி விவாதமே போகும்.

போபாலுக்கும் அதே முறைதான். விஷவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 இரவைத் தொடாதீர்கள், அதற்கு முந்தைய மாதங்களுக்குப் போங்கள். மிதைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கும் தொட்டியைக் குளிரவைக்கும் யூனிட் நிறுத்தப்படுகிறது. கசியும் வாயுவை எரிக்கும் ஃப்ளேர் டவரின் குழாய் கழற்றப்பட்டிருக்கிறது. வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் சும்மா நிற்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணப் பராமரிப்பு முடிவு, சிக்கன முடிவு. நீ அந்த யூனிட்டின் ஜூனியர் இன்ஜினியர், மூன்றும் ஒரே நேரத்தில் இல்லை என்பதை யார் கவனித்திருக்க வேண்டும்? ஆலையை நடத்திய யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சனைத் திட்டிவிட்டு எழுந்து போக இந்தக் கேள்வி விடாது.

ஊரிலிருந்தும் எடுங்கள். சிவில் பிள்ளைகளுக்குச் சென்னையை ஒட்டிய மவுலிவாக்கம்: 2014 ஜூன் 28 மாலை மழையில் பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது, 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்திலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் டிசைன் இன்ஜினியர், மண் பரிசோதனை செய்தவர், அனுமதி கொடுத்த அலுவலகம், சைட் சூப்பர்வைசர், ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிய குடும்பம் என்று ஐந்து இடங்களில் பிள்ளைகளை நிறுத்தலாம். கெமிக்கல் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு 2001இல் ஆலை மூடப்பட்டது, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016இல்தான் உடன்பாடு வந்தது. அதில் எனக்குப் பிடித்த கேள்வி மண்ணைப் பற்றியது. சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஓர் அளவு முன்வைக்கப்பட்டது, போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று எதிர்த்தவர்கள் போராடினார்கள். இருபதா, அதற்குக் கீழேயா என்பது வேதியியல் கேள்வியா, அல்லது கீழே இருக்கும் காட்டுக்கும் ஓடைக்கும் நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியா? டெக்னிக்கல் எண் ஒன்றுக்குள் எவ்வளவு அறம் ஒளிந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கேஸ் என் கையில் இல்லை.

பயிற்சியில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் துறையிலிருந்து ஒரு கேஸைத் தானே இரண்டு பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டும், முடிவுக்கு முந்தைய கணத்தில் நிறுத்தி. பத்திரிகைச் செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, விசாரணைக் குழு அறிக்கை இவற்றை வைத்து எழுதட்டும். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம்.

வகுப்பில் வாயை மூடக் கற்பது

மூன்றாம் நாள் மைக்ரோ டீச்சிங். ஆளுக்கு இருபது நிமிடம், மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்வார்கள். பார்வையாளர் இருவர் இரண்டே விஷயத்தைக் குறிக்க வேண்டும்: ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், என்னென்ன கேள்வி கேட்டார், சொன்ன வார்த்தை மாறாமல். நல்லா இருந்தது, குரல் கணீரென்று இருந்தது போன்ற பாராட்டெல்லாம் வேண்டாம். முதல் சுற்றில் பதினேழு நிமிடம் ஆசிரியரே பேசியிருப்பார், அதைக் கடிகாரக் கணக்கில் பார்க்கும்போது அவருக்கே திகைப்பாக இருக்கும். மதியம் நிஜ மாணவர்கள் பதினைந்து பேரை வரவழைத்து இரண்டாம் சுற்று நடத்துங்கள். சக ஆசிரியர்கள் என்னதான் மாணவர்களாக நடித்தாலும் மூன்றாம் வருடப் பையனின் மௌனத்தை அவர்களால் நடிக்க முடியாது.

அந்த மௌனத்தோடு இருக்கப் பழக வேண்டும். கேள்வி கேட்டதும் ஒரு வினாடிகூடப் பொறுக்காமல் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்கிறேன். ஆறு, ஏழில் கை தூக்கும் பிள்ளை வழக்கமாகக் கை தூக்குகிற பிள்ளையாக இருக்காது. அப்புறம், பேசுவதற்கு முன் எல்லோரும் எழுதட்டும். எழுதியவனிடம் படிக்கச் சொன்னால் படிப்பான், யோசித்துச் சொல் என்றால் தலையைக் குனிந்துகொள்வான்.

வகுப்பில் எப்படியும் வரப்போகும் நான்கு வாக்கியங்களுக்கு ஆசிரியர்களைப் பழக்கிவையுங்கள். "அது அவங்கவங்க பார்வை சார்" என்று ஒருவன் சொல்வான். சரி, உன் இன்டர்னல் மார்க்கை நான் ஜாதகம் பார்த்துப் போடுகிறேன், அதுவும் என் பார்வைதானே என்று கேட்டால் அவனே நியாயம் என்ற சொல்லை எடுப்பான், அங்கிருந்து போகலாம். "இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது மேடம்" என்று இன்னொருத்தி சொல்வாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. எது ஒத்துவரும், எவ்வளவு தூரம் வரும், முதலில் யாரிடம் போவாய், மெயிலில் என்ன எழுதுவாய் என்று கேட்டு அந்த மெயிலை அங்கேயே எழுதவையுங்கள். வேலைக்குப் போன பழைய மாணவர்கள் என்னிடம் திரும்ப வந்து பேசுவது அந்த மெயில் எழுதிய வகுப்பைப் பற்றித்தான்.

மூன்றாவது, "சார், நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?" நழுவாதீர்கள். ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் அதையே பரீட்சையில் எழுதிவிடுவார்கள். பேச்சு முடியும்போது சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, முடியும்போது சொல்லுங்கள், காரணத்தோடும் அதனால் உங்களுக்கு என்ன நஷ்டம் வரும் என்பதோடும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லலாம்.

நான்காவது சாதி. அது எந்தக் கேஸிலும் திடீரென்று வரும், ஹாஸ்டல் அறை ஒதுக்குவதில் வரும், கையில் கட்டும் கயிற்றில் வரும். பாதாளச் சாக்கடை கேஸ் எடுத்தால் வந்தே தீரும், வர வேண்டும். மனிதர்களைக் கழிவு அள்ளவைப்பதை 1993 சட்டமும் 2013 சட்டமும் தடை செய்தும் மேன்ஹோலுக்குள் இறங்கிச் சாகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ரோபோவே செய்திருக்கிறது. கருவி இருந்தும் ஏன் மனிதன் இறங்குகிறான் என்று கேட்டால் மெக்கானிக்கல் வகுப்பு நேராக சாதிக்குத்தான் வந்து நிற்கும். ஆசிரியர் அப்போது இரண்டு விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையையும் அவன் சமூகத்தின் பிரதிநிதியாக எழுப்பிப் பேசவைக்கக் கூடாது. யாராவது யாரையாவது இழிவாகப் பேசினால் அந்த நொடியிலேயே நிறுத்த வேண்டும், விவாதத்தில் எல்லாக் கருத்துக்கும் இடமுண்டு என்று விட்டுவிடக் கூடாது. இதைச் சொன்னால் மட்டும் போதாது, மைக்ரோ டீச்சிங்கில் ஒருவரை அப்படிப் பேசவைத்து, ஆசிரியர் எந்தச் சொற்களால் நிறுத்துகிறார் என்று மூன்று முறையாவது பழக்கிப் பார்க்க வேண்டும். வாய் உலர்ந்துபோகும். பயிற்சி அறையில் ஒருமுறை உலரட்டும்.

தியரி எவ்வளவு?

அரை நாள். அற வளர்ச்சி பற்றி உளவியலாளர் கோல்பெர்க் சொன்ன ஆறு படிநிலைகள், அதற்கு உளவியலாளர் கில்லிகனின் மறுப்பு, பயன், கடமை, உரிமை, நற்குணம் என்ற நான்கு பார்வைகள். பரீட்சைக்கு வேண்டும், தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் கேஸ் பேசி முடித்த பிறகு கொடுங்கள். நீ இப்போது சொன்னாயே, அதிகம் பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று, அதற்குப் பெயர் இது என்று சொன்னால் ஒட்டிக்கொள்ளும். கோல்பெர்க் முதலில் ஆய்வு செய்தது பையன்களை மட்டும் என்பதை கில்லிகன் கேள்வி கேட்டார் என்று சொல்லும்போது வகுப்பில் பெண்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பயனுள்ள வரைபடம் ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளருடையது: பிரச்சினையைக் கவனிப்பது, எது சரி என்று முடிவுசெய்வது, அதைச் செய்ய விரும்புவது, செய்து முடிக்கும் திடம் என்று அவர் நான்காகப் பிரிக்கிறார். நம் வினாத்தாள்கள் எல்லாம் இரண்டாவதை மட்டுமே தொடுகின்றன. ஆசிரியர் தன் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே இந்த நான்கில் எது என்று குறித்துப் பார்த்தால் போதும், எங்கே காலியாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பத்து விழுக்காடு

ஆசிரியர்களில் பலர் பி.எச்டி. செய்துகொண்டிருப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 40க்கு மேல் 60 வரை ஒரு வருடம் கொடுக்க முடியாது, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. இதைப் பத்து விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று புரிந்துவைத்திருப்பவர்கள் ஒவ்வொரு அணியிலும் இருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரின் யோசனை முழுவதையும் எடுத்து, வார்த்தைகளை மட்டும் மென்பொருளால் மாற்றி, 8 விழுக்காடு காட்டினால் அவர் திருடினாரா இல்லையா என்று கேளுங்கள். விதிக்கும் நேர்மைக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி அவர்களுக்குத் தங்கள் ஆய்வேட்டிலேயே தெரியும்.

மார்க் போடுவது

யுனிவர்சிட்டி வினாத்தாள் நம் கையில் இல்லை, இன்டர்னல் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுப்பது ஒரு பக்கப் பதில், வகுப்பிலேயே கையால் எழுதுவது. வீட்டுக்குக் கொடுத்தால் இப்போது ஏ.ஐ. எழுதிய அறுபது பதில்கள் ஒரே குரலில் வரும். அந்தப் பக்கத்தில் நான்கு விஷயம்: என் முடிவு, அதனால் பாதிக்கப்படுபவர்கள், என் முடிவுக்கு எதிராக இருக்கும் மிக வலுவான காரணம், முடிவெடுக்கும் முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது. மார்க்கில் பெரும்பகுதி மூன்றாவதற்கு. எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கு மார்க் இல்லை, தன்னை எதிர்ப்பவனின் இடத்தில் நின்று பார்த்தானா என்பதற்குத்தான்.

பயிற்சியில் ஒரே பத்துத் தாளை இரண்டிரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடட்டும். ஒருவர் எட்டும் இன்னொருவர் மூன்றும் போட்ட தாள் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை வைத்து நடக்கும் வாக்குவாதம் அந்த மூன்று நாளின் மிக நல்ல ஒரு மணி நேரமாக இருக்கும். அவசரப்பட்டு நடுவில் ஐந்தரை என்று சமரசம் செய்துவிடாதீர்கள்.

அதன் பிறகு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீ நேரத்தில் கூடுங்கள். ஒருவர் தன் வகுப்பில் சொதப்பிய ஒன்றைக் கொண்டுவர வேண்டும், வெற்றிக் கதை வேண்டாம். ஒரு செமஸ்டரில் ஒருமுறையாவது ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின் வரிசையில் உட்கார்ந்து, மைக்ரோ டீச்சிங்கில் குறித்த அந்த இரண்டு விஷயத்தையும் குறித்துக் கொடுக்க வேண்டும். எச்.ஓ.டி.யிடம் ஒரே ஒரு உறுதி வாங்குங்கள்: பயிற்சி பெற்றவருக்கு இந்தப் பேப்பரை மூன்று வருடமாவது தொடர்ந்து கொடுக்க வேண்டும். வருடா வருடம் புது ஆளுக்குத் தள்ளிவிட்டால் எல்லோரும் முதல் வருட ஆசிரியராகவே இருப்பார்கள், கேஸ் எல்லாம் மறுபடியும் செய்தி வாசிப்பாக மாறிவிடும்.

முதல் நாள் துண்டுத்தாள்களை நான் ஒரு உறையில் போட்டு வைத்திருப்பேன். செமஸ்டர் முடிந்து கடைசிச் சந்திப்பில் மேஜையில் பரப்பிவிட்டு வெளியே போய்விடுவேன், அவரவர் தாளை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கிழித்துப்போடலாம். போன முறை நான் திரும்பி வந்தபோது ஒரு தாள் மட்டும் மேஜையில் இருந்தது. பின்பக்கத்தில் எழுதியிருந்தது: "இந்த வருடம் நான் கையெழுத்துப் போடவில்லை. எச்.ஓ.டி. ஏன் என்று கேட்டார், சொன்னேன். வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்கள். இதை அடுத்த அணிக்குக் கேஸாகக் கொடுங்கள்." கொடுக்கப்போகிறேன். அந்த வேறொருவர் என்ன செய்திருக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.